மாடுகள் போக வேண்டாம், தரை மாறட்டும்

மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் வகுப்பறையின் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். விடுதிச் சமையலறைக்குப் பின்னால், மதிற்சுவரை ஒட்டி, ஆறு மாடுகள் கட்டியிருக்கும் தொழுவம் ஒன்று இருப்பதை நம் பள்ளியில் அறியாதவர் இல்லை. கண்ணால் பார்த்தவர் குறைவு. மூக்கால் அறிந்தவரே அதிகம்.

சென்ற பெற்றோர் கூட்டத்தில் இந்தத் தொழுவத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. படிக்கிற பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மாடு எதற்கு, விற்றுவிட்டுப் பாலைப் பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை எழுந்தது. பலர் கை தட்டினார்கள். தேநீர் கொடுக்க வாசலருகே நின்றிருந்த விடுதி மாணவியர் நாங்களும் கை தட்டினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. எடுக்கப்படுவதற்கு முன், அன்று கை தட்டிய நாங்களே இன்று வேறு கருத்தைச் சொல்ல இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

எங்கள் மனம் மாறியது ஐப்பசி மழையில். தொழுவத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போயிற்று. மாற்றாள் கிடைக்கவில்லை. விடுதிச் சிஸ்டர் எங்களில் ஐந்து பேரை அழைத்து, "ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே" என்றார்கள். துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு போனோம். முதல் நாள் இரண்டு பேர் வழுக்கி விழுந்தோம். கூடை கூடையாகச் சாணி அள்ளிக் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, பினாயிலும் தெளித்துவிட்டு வந்தோம். மாலையில் போய்ப் பார்த்தால் அதே வாடை. நாங்கள் ஊற்றிய தண்ணீர் சுவரோரம் குளம்போல் நிற்கிறது. அதன் மேல் ஒரு மாடு படுத்திருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் நான்கு மாடுகள். விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பேருந்து பிடித்துப் பள்ளிக்கு வருபவள். ஒன்பதாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார எங்களில் சிலர் மறுத்தோம். என்ன காரணம் என்று அவள் கேட்கவில்லை. மறு வாரத்திலிருந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமலே வரத் தொடங்கினாள். நாங்கள் அதைக் கண்டும் காணாதவர்களாக இருந்தோம். மழை வாரத்தின் மூன்றாம் நாள் வேறு வழி தெரியாமல் அவளிடம்தான் போய் நின்றோம்.

அவள் தொழுவத்துக்குள் வந்தாள். மூக்கை மூடவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாள். தண்ணீர் வாய்க்காலை நோக்கி ஓடாமல் சுவரை நோக்கி ஓடிற்று. "உங்க கொட்டத்துக்கு வாட்டமே இல்லையே. மாட்டைக் குறை சொல்லி என்ன செய்ய?" என்றாள். எங்கள் கட்டுரையின் சாரம் முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கிவிட்டது. இனி நாங்கள் எழுதுவது அதற்கான விளக்கம்தான்.

புதுச் சாணிக்கு அப்படியொன்றும் பெரிய நாற்றம் கிடையாது. கண்ணை எரிக்கும் அந்தக் காரமான வாடை அமோனியாவுடையது. மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதி மூத்திரத்தில், பெரும்பாலும் யூரியாவாகப் போகிறது. உரக்கடையில் மூட்டையாக விற்கிறார்களே, அதே யூரியாதான். மூத்திரமும் சாணியும் ஓரிடத்தில் கலந்து தேங்கினால், சாணியில் வாழும் நுண்ணுயிர்கள் யூரியாவை அமோனியாவாக உடைத்துவிடுகின்றன. அது காற்றோடு போகிறது. அதாவது, எங்கள் சன்னல்களைச் சாத்த வைத்தது நம் தோட்டத்துக்குப் போக வேண்டிய உரம். ஒரு பக்கம் யூரியாவைக் காசு கொடுத்து வாங்குகிறோம், மறு பக்கம் அதையே ஆவியாக்கி மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். பினாயில் தெளிப்பது வாடையின் மேல் இன்னொரு வாடையை ஏற்றுவதே தவிர வேறொன்றும் இல்லை.

ஆகவே முதலில் வேண்டியது மூத்திரம் நிற்காத தரை. மாடு நிற்கும் தரைக்கு நாற்பதுக்கு ஒன்று என்ற அளவில் வாட்டம் வேண்டும் என்று கால்நடைப் பராமரிப்பு நூல்கள் சொல்கின்றன. நம் கொத்தனார் கணக்கில் சொன்னால் பத்தடிக்கு மூன்று அங்குலம். அதற்கு மேல் சரித்தால் மாட்டின் பின்னங்கால்களுக்குச் சிரமம். சினை மாட்டுக்கு ஆகவே ஆகாது. வாட்டம் முடியும் இடத்தில் ஓரடி அகலத்துக்கு ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று. மண்வெட்டியால் வழித்துவிடும்படி அதன் அடி தட்டையாக இருந்தால் நல்லது. தரை சிமெண்டாக இருக்கலாம். ஆனால் கண்ணாடிபோல் வழவழப்பாகப் பூசிவிடக் கூடாது. ஈரம் காயுமுன் கோடு இழுத்துவிட்டால் குளம்புக்குப் பிடிப்புக் கிடைக்கும். கூரைக்குக் கீழே ஒரு மாட்டுக்கு ஏறத்தாழ 38 சதுர அடி இடம் வேண்டும். தொழுவத்தின் நீளவாட்டு கிழக்கு மேற்காக அமைந்தால் நம் ஊர் வெயில் உள்ளே அதிகம் இறங்காது. பக்கச் சுவரை நெஞ்சளவோடு நிறுத்திக் காற்றுக்கு வழி விட வேண்டும். நம் தொழுவத்திலோ மூன்று பக்கமும் கூரை வரைக்கும் சுவர். பார்வைக்கு மறைவாக இருக்கட்டும் என்று எழுப்பினார்களாம். பார்வை மறைந்தது, வாடை மறையவில்லை.

தரை காய்ந்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சேற்றிலும் சாணியிலும் படுக்கும் மாட்டுக்கு மடிநோய் எளிதில் வரும். மடிநோய் கண்டால் பால் குறையும், மருந்துச் செலவு ஏறும், சில வேளைகளில் ஒரு காம்பே பயனற்றுப் போகும். மாடு வைத்திருக்கும் பெற்றோருக்கு நாங்கள் இதைச் சொல்லத் தேவையில்லை. குளம்பு அழுகலும் ஈரத்தின் பிள்ளைதான்.

சிமெண்டுக்குப் பணம் இல்லாத வீடுகள் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் தோழியின் வீட்டில் மண் தரைதான். ஆனால் வாடை இல்லை. காய்ந்த மண்ணையும் கூளத்தையும் பரப்பி வைத்து, நனைந்ததும் எடுத்து எருக்குழியில் போடுகிறார்கள். இது பழைய வழக்கம். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது, மூத்திரம் ஊறிய தொழுவத்து மண்ணை வீணாக்காமல், சாணி, இலைதழைக் குப்பை ஆகியவற்றோடு அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைக்கும் முறையை வகுத்தார். இந்தூர் முறை என்று அதற்குப் பெயர். நம் பள்ளி வளாகத்தில் வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் தினமும் எவ்வளவு விழுகின்றன! மாலைதோறும் அவற்றைக் குவித்துக் கொளுத்துகிறோம். அந்தப் புகையைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசியதில்லை என்பது வேடிக்கை. அந்தச் சருகையெல்லாம் குழியில் போட்டு, வாய்க்காலில் வரும் மூத்திரத்தை அதன் மேல் விட்டால், வாடைக்கும் புகைக்கும் சேர்த்து ஒரே வைத்தியம் ஆகிவிடும்.

இனி சாணிக்கு வருவோம். ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் சாணி போடும். ஆறு மாட்டுக்கு அறுபது கிலோ. இன்று அது தொழுவத்துக்குப் பின்னால் திறந்தவெளியில் குவிந்து கிடக்கிறது. வெயில் பாதியைக் கெடுக்கிறது, மழை மீதியைக் கரைத்துக் கிணற்றுப் பக்கம் கொண்டுபோகிறது, ஈக்கள் குடும்பம் நடத்துகின்றன. கிராமங்களில் இதையே வரட்டியாகத் தட்டி எரிக்கிறார்கள். எங்களில் பலருடைய பாட்டிகள் வரட்டிப் புகையில் கண் கெட்டு இருமிக்கொண்டே சமைத்தவர்கள். சாதாரண அடுப்பில் வரட்டியை எரித்தால் அதன் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். தழைச்சத்தும் புகையோடு போய்விடும்.

சாணியிலிருந்து எரிவாயுவும் எடுக்கலாம், எருவும் எடுக்கலாம் என்று நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டு வெகு காலமாயிற்று. 1939இல் டில்லியிலிருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் இதற்கான சோதனைகளைச் செய்தார். 1950களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் இரும்பு டிரம் உள்ள கலனை அமைத்தார். அதைக் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு 1960களின் தொடக்கத்திலிருந்து நாடெங்கும் பரப்பிற்று. இரும்புக்குச் செலவு அதிகம், துருவும் ஏறும் என்பதால் 1978இல் செங்கல் குவிமாடம் கொண்ட ஜனதா கலனும், 1984இல் இன்னும் செலவு குறைந்த தீனபந்து கலனும் வந்தன. 1981-82இல் மத்திய அரசு தேசியத் திட்டம் ஒன்றையே தொடங்கி மானியம் வழங்கிற்று.

கலன் வேலை செய்யும் விதம் எளிது. சாணியையும் அதே அளவு தண்ணீரையும் கட்டியில்லாமல் கரைத்து உள்ளே விட வேண்டும். காற்றுப் புகாத அந்த இருட்டில் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கின்றன. வெளிவரும் வாயுவில் ஏறக்குறைய 60 விழுக்காடு மீத்தேன், அதுதான் எரிகிறது. தமிழ்நாடு போன்ற வெப்பமான பகுதிக்கு முப்பது நாள் செரிமானம் போதும். பினாயில் கலந்த கழுவுநீர் மட்டும் உள்ளே போகக் கூடாது; அது நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

ஒரு கிலோ சாணியிலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும். நம் அறுபது கிலோவுக்கு 2,400 லிட்டர். இது சுமார் ஒரு கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. ஆக, இரண்டு வாரத்துக்கு ஒரு சிலிண்டர் மிச்சம். விடுதிச் சமையல் முழுவதும் இதில் ஆகிவிடும் என்று நாங்கள் பெருமை பேச வரவில்லை. காலையில் பால் காய்ச்சவும், காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் வெந்நீரும் வைக்கவும் போதும். மாட்டின் பால் மாட்டின் சாணியிலேயே காய்கிறது என்றால் அதுவும் நல்ல காரியம்தானே.

எங்களைப் பொறுத்தவரை வாயுவைவிடப் பெரிது, கலனிலிருந்து வெளியே வரும் சாணிக் கரைசல். அதில் தழைச்சத்து அநேகமாக அப்படியே இருக்கும். எரித்தால் போவதுபோல் போகாது. நாற்றம் கிடையாது, ஈ மொய்க்காது. சிஸ்டர்களின் கீரைப்பாத்திக்கும் தென்னைக்கும் அதுவே போதும். குஜராத்தில் ஆனந்த் மாவட்டத்தைச் சேர்ந்த ஜக்கரியாபுரா என்ற கிராமத்தில், வீட்டுக்கு வீடு சிறு கலன் வைத்து, மிஞ்சும் கரைசலைப் பெண்கள் கூட்டுறவாகச் சேர்த்து விற்கிறார்கள். தேசியப் பால்வள வாரியம் அதற்குத் துணை நின்றது. பாலுக்கு மட்டுமன்றிச் சாணிக்கும் கணக்கு எழுதிக் காசு வாங்குகிறார்கள். சாணி அள்ளுவது கேவலம் என்று அந்த ஊரில் இன்று யாராவது சொல்வார்களா?

"இதெல்லாம் காகிதத்தில் நன்றாக இருக்கிறது, எங்கள் ஊரில் வைத்த கலன் துருப்பிடித்துக் கிடக்கிறதே" என்று சில பெற்றோர் சொல்வார்கள். உண்மைதான். எங்களில் ஒருத்தியின் ஊரில் அப்படியொரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் கோழி அடைக்கிறார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று விடுமுறையில் விசாரித்தோம். மாடுகள் குறைந்துவிட்டன, டிரம்முக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை, பழுது பார்க்க ஆள் வரவில்லை என்று ஆண்கள் காரணங்கள் சொன்னார்கள். அந்த வீட்டு அம்மா சொன்னது வேறு. "மானியத்துக்குக் கையெழுத்துப் போட்டது அவுக. தெனமும் அம்பது லிட்டர் தண்ணி தூக்கிச் சாணி கரைச்சது நான். கலனை வாசல்ல வெச்சாக, கொட்டமும் கொழாயும் கொல்லையில. எத்தனை நாளைக்கு நடப்பேன், பாப்பா?" என்றார். சாணியைத் தொடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இடம் குறித்ததுதான் அந்தக் கலனின் பழுது. பிறகு சிலிண்டர் வந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டதில் தவறு காண எங்களுக்கு உரிமை இல்லை.

2018இல் கோபர்தன் என்ற பெயரில் அரசு மீண்டும் சாணியின் பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கிறது. நல்லதே. ஆனால் வாய்க்காலின் முனையிலேயே கரைக்கும் தொட்டி இருந்து, சாணியைக் கூடையில் சுமக்காமல் தள்ளிவிட முடிந்தால் மட்டுமே எந்தத் திட்டமும் இரண்டாம் வருடத்தைத் தாண்டும். நம் தொழுவத்திலும் அப்படியே. கலனை எங்கே வைப்பது என்பதைத் தோட்டத்தின் அழகைப் பார்த்து முடிவு செய்யலாகாது.

ஆபத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இது பிள்ளைகள் ஓடியாடும் இடம். வாயு கசியும்போது தீப்பொறி கூடாது. சமையலறைச் சன்னல் திறந்திருக்க வேண்டும். கலனைச் சுற்றி வேலி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலியாகிவிட்டது என்று நினைத்து யாரும் கலனுக்குள் இறங்கக் கூடாது. உள்ளே மூச்சுவிடக் காற்று இராது, விஷவாயுவும் தங்கியிருக்கும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கி இன்னொருவரும் இறந்த செய்திகளை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். சுத்தம் செய்வது தெரிந்த நிறுவனத்தாரின் வேலை. ஆயாம்மாவின் வேலை அன்று.

மாட்டை விற்றால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குப் பால் கணக்கைக் காட்டி வாதாட எங்களுக்கு விருப்பமில்லை. மாடுகள் போய்விட்டால், நம் பிள்ளைகளில் எத்தனையோ பேரின் வீட்டில் தினமும் நடக்கும் வேலை, பள்ளிக்கூடத்தில் இருக்கத் தகாத வேலை என்று நாமே முத்திரை குத்தியதாகிவிடும். மார்கழி வந்தால் வைக்கோல் பரப்பிக் குடில் ஜோடிக்கிறோம்; அந்தக் குடிலில் ஒரு நாளும் யாரும் சாணி அள்ளியதில்லை. மதிலோரத்தில் இருக்கிற தொழுவத்தில் ஒரு பெண்மணி இருபது வருடமாக அள்ளுகிறார். ஈரத் தரையில் குனிந்து குனிந்துதான் அவர் முழங்கால் போயிற்று என்று மருத்துவமனைக்குத் துணை போன எங்களிடம் அவரே சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

எங்கள் தோழியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். "அதெல்லாம் எப்பவோ" என்று பேச்சை மாற்றிவிட்டாள். ஆனால் இப்போதும் அவள் இரண்டு முறைதான் குளித்துவிட்டு வருகிறாள்.

தரையை மாற்றும் வேலையைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம் என்று மதரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். மண் சுமக்கவும் கல் எடுத்துக் கொடுக்கவும் விடுதி மாணவியர் முப்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். பெற்றோர்களில் கொத்து வேலை தெரிந்தவர்கள் இருவர் கூலி வாங்காமல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கலனை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். தரையும் வாய்க்காலும் எருக்குழியும் முதலில் வரட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். கொத்தனார் ரசமட்டம் வைத்து வாட்டம் குறிக்கும் நாளில் ஆயாம்மாவையும் எங்கள் தோழியையும் பக்கத்தில் நிறுத்தி, சிமெண்டு போடுவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.